ஜெட்டியில் கட்டிய ரயில்

போன மாதம் டெய்ரி ஃபார்ம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நீங்கள் போட்ட சண்டை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குப் போக வழி கேட்டு நிற்கிறார்கள். நீங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள், பாதிப் பேருக்கு முட்டி வலி, வழியை அடைத்துக்கொண்டு கத்துகிறீர்கள். எதற்கு? அந்தத் தம்பி ரயிலிலிருந்து இறங்கும்போது கையில் பெட்டி இருந்ததா, இல்லையா என்பதற்கு! ஐந்தாம் வகுப்பில் கேட்ட கதைக்கு ஐம்பது வருஷம் கழித்து அடிதடி. "அவ வர்றா, அவகிட்டயே கேளு" என்று என்னைப் பிடித்து இழுத்தீர்கள். நான் கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, பாயசம் ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், திட்டுவதென்றால் அப்போது திட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த மழைக்காலத்தை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தம்பியின் பெட்டி ஞாபகம் இருக்கிறதே தவிர, அந்தக் கதைக்கு நாம் கொடுத்த விலை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

நம் பள்ளிக்கூடத்துக்கு அப்போது தகரக் கூரை. மழை வலுத்தால் ஆசிரியர் கத்துவது முதல் பெஞ்சுக்கே கேட்காது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நமக்குக் கொண்டாட்டம். ஈர யூனிஃபார்ம் வாசனை, பூசணம் பிடித்த சுவர் வாசனை, யாரோ பையில் நசுங்கிய கொய்யாப்பழத்தின் வாசனை, மூன்றும் சேர்ந்து ஒரு வாடை வருமே, இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது.

அந்த வருஷம்தான் பெரிய சார் தலைமையாசிரியராக வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் நம் தீவில் வந்து இறங்கியவர், கூடவே இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அதை ஒரு அலமாரியில் அடுக்கி, "யாரு வேணும்னாலும் எடுத்துப் படிங்க பிள்ளைகளா" என்றார். ஒரு மாதம் அந்த அலமாரி ஈ ஓட்டியது. நமக்கு எதற்குப் புத்தகம்? வெளியே கடல் இருந்தது.

பிறகு சார் ஒரு யோசனை செய்தார். ஒரு பை நிறையப் பளபளவென்று சோழி வாங்கிவந்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கண்ணாடி பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். ஒரு புத்தகம் படித்தால் ஒரு சோழி. நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், உங்களை நம்புகிறேன் என்றார். பாவம், அவர் ஊரில் சோழி என்றால் அபூர்வப் பொருள்போல. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோழியைப் பரிசாகக் கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திங்கட்கிழமை காலை ஜன்னலில் பாட்டில்கள் வழிந்தன. கடைக்காரர் மகனுடைய பாட்டிலுக்கு மூடியே போட முடியவில்லை. சார் எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏல, நாப்பத்தேழு புத்தகமால படிச்ச?"

"இல்ல சார்," என்றான் அவன், ஒளிவு மறைவே இல்லாமல். "நேத்து சண்டே. கடக்கரைக்குப் போயிருந்தேன்."

சார் அன்று மூக்குடைபட்டதோடு சோழி யோசனை முடிந்தது. அடுத்த வாரம் அட்டை வந்தது. ஒரு புத்தகம் படித்து, கதையை ஒரு பக்கம் சொந்தமாக எழுதிக் கொடுத்தால், அட்டையில் அவர் கையெழுத்தும் ஒரு முத்திரையும். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரிடம் அதிக முத்திரையோ, அவருக்குப் பரிசு. என்ன பரிசு தெரியுமா? ஞாபகம் வருகிறதா? ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், மாயாபந்தர் போய்வருகிற கப்பலின் கேப்டன் அறைக்கு ஏறிப்போய், கயிற்றைப் பிடித்து இழுத்து ஹாரன் அடிக்கலாம். கேப்டன் நம் சாருக்குப் பக்கத்து வீடு. பேசி வைத்துவிட்டார்.

வகுப்பே பைத்தியமாகிவிட்டது. எனக்கு மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம். என் அப்பா அந்தக் கப்பலில்தான் பண்டாரி, அதாவது சமையல்காரர். நாலு நாள் கடலில் இருப்பார், இரண்டு நாள் வீட்டில் இருப்பார். வந்தால் அவர் சட்டையில் டீசலும் வெங்காயமும் கலந்து மணக்கும். பதினாலு வருஷமாக அந்தக் கப்பலில் போகிற மனிதர், கேப்டன் அறைக்குள் டீ கொடுக்கப் போவாரே தவிர, எதையும் தொட்டதில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, நெசமாவா? அந்தக் கயித்தையா? நான் கீழ சமையல்கட்டுல இருப்பேன், மேல நீ அடிப்ப. ஊரே கேக்கும்!"

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா கீழே, நான் மேலே, ஊரே கேட்கவேண்டும்.

அப்புறம் நாம் படித்த படிப்பு இருக்கிறதே, அடேயப்பா! மெல்லிசாக இருக்கிற புத்தகமாகப் பார்த்துப் பாய்ந்தோம். பெரிய எழுத்து, நிறையப் படம், முப்பது பக்கத்துக்குள் இருந்தால் அதற்கு அடிதடி. முதல் பக்கம் படி, கடைசிப் பக்கம் படி, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நீயே எழுது. கடைக்காரர் மகனிடம் பதினொரு முத்திரை, என்னிடம் பதினொரு முத்திரை. அந்தப் பதினொரு புத்தகத்தில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. ஒன்றில் முயல் வந்தது என்று நினைக்கிறேன். சார் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவரிடம், "எங்க பிள்ளைக புத்தகப் புழுக்க சார்" என்று சொன்னதை நானே கேட்டேன். நல்ல மனுஷர். பதிவேடு நிறைந்ததை மனசு நிறைந்ததாக எடுத்துக்கொண்டார்.

மெல்லிசுப் புத்தகங்கள் தீர்ந்துபோயின. கடைக்காரர் மகனை முந்த எனக்கு ஒன்றே ஒன்றுதான் தேவை. அலமாரியின் அடித்தட்டில் சிவப்பு அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம் கிடந்தது, செங்கல் கனம். வேறு வழியில்லாமல் அதை எடுத்தேன். வழக்கம்போல் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும் என்று வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு சின்ன ரயில் நிலையம். திருவிழாக் கூட்டத்தில் தம்பி மாற்றி ஒரு ரயிலில் ஏறிப் போய்விடுகிறான். அக்கா அந்த நிலையத்திலேயே தங்கி, வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் காத்திருக்கிறாள். ஒவ்வொரு ரயிலிலும் யாரோ ஒருவர் இறங்கி, தம்பியைப் பற்றி ஒரு துண்டுச் செய்தி சொல்கிறார். அவனைப் பார்த்தேன், ஒரு சர்க்கஸில் யானைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான் என்கிறார் ஒருவர். இல்லை, படகு ஓட்டுகிறான் என்கிறார் இன்னொருவர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மழையில் பாடம் நின்றது. நான் பெஞ்சுக்கடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவள் "என்னடி அது, இவ்ளோ நேரமா?" என்று கேட்க, சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்காமல் அவள் காதை நீட்டினாள். பின் பெஞ்சுக்காரன் தலையை நீட்டினான். பத்து நிமிஷத்தில் இருபது தலைகள் என் மூக்குக்கு முன்னால்.

இதில் ஒரு சங்கடம், உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் ஒருவருமே ரயிலைப் பார்த்ததில்லை. கப்பலில் பிறக்காத குறையாக வளர்ந்தவர்கள். ரயில் என்றால் என்ன என்று கேட்டீர்கள். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ் என்று கட்டி விட்டது என்றேன்.

"ஆடுமா?" என்றான் கடைக்காரர் மகன்.

"லேசா ஆடும்."

"வாந்தி வருமா?"

"பழகுனவங்களுக்கு வராது."

அரே, அதோடு எல்லோருக்கும் ரயில் விளங்கிவிட்டது.

மூன்று வாரம் ஓடியது. தினமும் ஒரு ரயில்தான் சொல்வேன். வெயில் அடித்தால் எல்லோரும் வானத்தைத் திட்டினீர்கள். கடைக்காரர் மகன் நினைத்திருந்தால், யாரோ திருப்பிக் கொடுத்த ஒரு முயல் புத்தகத்தைப் படித்து என்னை முந்தியிருக்கலாம். அவன் அட்டையை எங்கே வைத்தான் என்பதையே மறந்துவிட்டான். காலையில் வாசலில் நின்று, "ஏய், இன்னிக்கு எந்த ரயில்?" என்று கேட்பான்.

நான் சொல்வதற்கு முன்னால் இரண்டு மூன்று ரயில் முந்திப் படித்து வைத்திருப்பேன். அப்படித்தான் ஒருநாள் வீட்டில் கடைசிக்கு வந்தேன். 'தூரத்தில் விளக்கு தெரிந்தது. அக்கா எழுந்து' என்று பக்கம் முடிகிறது. திருப்பினால் கரையான். அதற்கு மேல் பன்னிரண்டு பக்கமும் சல்லடை. ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது, மண்ணும் பொடியுமாக என் பாவாடையில் கொட்டியது. நான் ஓ என்று அழுதேன். யாரோ செத்துப்போனது மாதிரி அம்மா பதறி ஓடிவந்தாள்.

மறுநாள் இருபது தலைகள் காத்திருக்கின்றன. முடிவு இல்லை என்று சொன்னால் என்னை உயிரோடு விட்டிருப்பீர்களா? எனக்கும் அந்தப் பையன் வரவேண்டும். வரவழைத்தேன். விளக்கு தெரிந்தது, ரயில் வந்து நிலையத்தை அணைத்து நின்றது, ஹாரன் அடித்தது, ஆட்கள் கயிறு வீசினார்கள், இரும்புக் குத்தியில் சுற்றிக் கட்டினார்கள், கேங்வே ஏணியை இறக்கினார்கள், எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக, மீசை முளைத்த ஒருவன், கையில் பெட்டியோடு. ஆமாம், பெட்டி இருந்தது. நான்தான் கொடுத்தேன். அக்கா அடையாளம் தெரியாமல் நிற்கிறாள். அவன் "அக்கா, சாப்பாடு இருக்கா?" என்கிறான்.

கடைக்காரர் மகன் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மழைத் தண்ணீர் முகத்தில் தெறித்துவிட்டதாம்.

அதோடு விட்டிருக்கலாம். கதை கேட்ட ஜோரில் நீங்கள் அத்தனை பேரும், சார் கேட்காமலே, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். முத்திரைக்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்ல உங்களுக்கு ஆசை, அவ்வளவுதான்.

சார் தாள்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஒவ்வொன்றாக வாசித்தார்.

"'ரயில் வந்ததும் கயிறு வீசிக் கட்டினார்கள்.' சரி. அடுத்தது. 'கயிறு மிகவும் தடிமனாக இருந்தது.' அடுத்தது. 'கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ரயிலை இரண்டு இடத்தில் கட்டினார்கள்.'" நிமிர்ந்தார். "ஏல, ரயில எதுக்குல கட்டணும்?"

கடைக்காரர் மகன் எழுந்தான். "கட்டலன்னா போயிடும் சார்."

நாம் யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரிதானே! சார்தான் ஒன்றும் புரியாமல் நம்மைப் பார்த்தார். பிறகு சிவப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். கரையான் தின்ற இடம் வந்ததும் முகம் மாறிவிட்டது. "இதுல முடிவே கெடையாதே. அப்ப இதக் கட்டிவிட்டது யாரு?"

நான் எழுந்தேன். 

"படிச்சத எழுதச் சொன்னா, ஒருத்தி பொய் சொல்லுதா, இருபது பேரு அதப் பாத்து எழுதுதீக. இதுக்கா பிள்ள நான் புத்தகத்தச் சொமந்துட்டு வந்தேன்?" கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகம். அதிகாரியிடம் பெருமையடித்த மனிதர் அல்லவா? எழுதியவர்கள் எல்லோருடைய அட்டையிலும் சிவப்பு மையால் கோடு இழுத்தார். என் பதினொன்றும் போயிற்று, அவனுடைய பதினொன்றும் போயிற்று. மிச்சம் இருந்தது தபால்காரர் மகள் மட்டும். அவள் அம்மை வார்த்து மூன்று வாரமாக வீட்டில் கிடந்தாள், அதற்கு முன்பே ஒன்பது மெல்லிசுப் புத்தகம் முடித்திருந்தாள். பரிசு அவளுக்கு.

எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அப்பா கப்பலில் மாயாபந்தர் போயிருந்தார். போகும்போது, "வெள்ளிக்கிழம ஹாரன் நான்தான்பா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். இப்போது மாதிரி ஃபோனா இருந்தது, இல்லை என்று சொல்வதற்கு?

வெள்ளிக்கிழமை வகுப்பு மொத்தமும் ஜெட்டியில் வரிசையாக நின்றோம். தபால்காரர் மகள் மேலே ஏறிப்போனாள். ஹாரன் அடித்தது. ஃபீனிக்ஸ் பே முழுக்க அதிர்ந்தது. உடனே கப்பல் சமையல்கட்டுக் கதவு திறந்து, கையில் கரண்டியும் தோளில் துண்டுமாக அப்பா பாய்ந்து வந்தார். மேலே பார்த்துக் கரண்டியை ஆட்டி, "மேரி பேட்டி! மேரி பேட்டி ஹை!", என் மகள், என் மகள்தான் என்று கப்பல்காரர்களிடமெல்லாம் ஹிந்தியில் கூவினார். அவர்கள் கை தட்டினார்கள். அப்பா கண்ணில் தண்ணீர். அப்புறம் மேலே நின்றவளின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கரண்டி மெல்லக் கீழே இறங்கியது. கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தேம்பினேன்.

இறங்கி வந்தவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கயிறு கட்டிய இடம் வந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா சின்ன வயதில் மெயின்லேண்டில் ரயில் ஏறியவர்.

"ரயிலக் கட்டிட்டியா? கயித்தப் போட்டா?" ஜெட்டியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து இருமினார். என் அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்: "அது கெடக்கட்டும் ஆத்தா. அந்தப் பய வந்தானா, இல்லியா?"

அடுத்த தடவை கப்பல் வந்தபோது, ஆட்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா போகிற வழியெல்லாம் ஹிந்தியில் கதை சொல்லியிருக்கிறார். இரண்டு கயிறு போதாது, நாலு கயிறு வேண்டும் என்று கப்பலில் கயிறு கட்டுகிற ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு சொல்லி அனுப்பியிருந்தார்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்றே தபால்காரர் மகள் என்னிடம் வந்தாள். "எனக்கு மட்டும் அந்தக் கதை தெரியாது. சொல்லுடி" என்றாள். ஹாரன் அடித்தவள்! சொல்லமாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் மழை வந்தது, எனக்கே தாங்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். ஏற்கெனவே கேட்ட இருபது பேரும் மறுபடி வந்து உட்கார்ந்தீர்கள். இந்த முறை முத்திரை கிடையாது, பரிசு கிடையாது, கேட்டால் அடி விழலாம்.

சார் வாசலில் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஒழுகிய தண்ணீரில் நனையாமல் காலை மேலே தூக்கிவைத்துக்கொண்டு.  மறுநாளும் வந்தார். இந்த முறை ஒரே நாளில் நாலைந்து ரயில் ஓட்டினேன், நாலாம் நாள் கடைசி ரயில். தூரத்தில் விளக்கு தெரிந்தது, அக்கா எழுந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் பிள்ள நிறுத்திட்ட?"

"இதுக்கு மேல பக்கம் இல்ல சார்."

மழை தகரத்தில் கொட்டுகிறது. சார் முன்னால் வந்து, நம்மோடு நெருங்கி உட்கார்ந்தார். "நானும் அந்தப் புத்தகத்தப் படிச்சதில்ல பிள்ள. என்ன முடிவுன்னு எனக்கும் தெரியாது" என்றார். அப்புறம், "கயித்தப் போடு. ரயிலக் கட்டு. அந்தப் பய எறங்கட்டும்" என்றார்.

கட்டினேன். நாலு கயிறு போட்டு, சாரங்கு சொன்னபடியே கட்டினேன்.

உடனே நாம் எல்லோரும் படிப்பாளிகளாகிவிட்டோம் என்று யாரும் கதை விடவேண்டாம். பாதிப் பேர் மழை விட்டதும் கொய்யா மரத்துக்குத்தான் ஓடினீர்கள். சாரும் அடுத்த வருஷம் வாய்ப்பாட்டுக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்து மறுபடி மூக்குடைபட்டார். ஆனால் அலமாரியில் தடிப் புத்தகங்கள் இருந்த அடித்தட்டு மட்டும் அதற்குப் பிறகு நிறைந்திருந்து நான் பார்க்கவில்லை.

இப்போது கைப்பை விஷயம். சென்னையில் இருக்கிற என் மகள் பழைய புத்தகக் கடையில் அந்தச் சிவப்பு அட்டையைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டாள். கடைசிப் பன்னிரண்டு பக்கமும் முழுசாக இருக்கின்றன. கல்யாணத்தன்று அது என் பையில்தான் இருந்தது. உங்களுக்கு வாசித்துக் காட்டத்தான் கொண்டுவந்தேன். நீங்கள் பெட்டிக்காகப் போட்ட சண்டையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தபால்காரர் மகளிடம் மட்டும் கேட்டேன், அன்று ஹாரன் அடித்தது எப்படி இருந்தது என்று. "காது அடைச்சுப்போச்சு, அவ்ளோதான் ஞாபகம்" என்றாள். "ஆனா பெட்டி இருந்துச்சு. நீ சொல்லேன் அவங்ககிட்ட!"

கடைக்காரர் மகன் அந்தச் சண்டைக்கு வரவில்லை, கடலில் இருந்தான். அவன் கேப்டனாகி எத்தனையோ வருஷமாயிற்று. நான் ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெறும்வரை அவன் கப்பலுக்குத்தான் டிக்கெட் கிழித்தேன். போன வாரம் ஃபோன் செய்தான். "வெள்ளிக்கிழமை என் லாஸ்ட் ட்ரிப். மேல வா. ஹாரன் நீதான். ஆனா ஒரு கண்டிஷன். புக்கு கெடச்சிருச்சாமே, உன் பொண்ணு சொன்னா. அசல் முடிவு என்னன்னு முதல்ல எனக்குச் சொல்லணும்."

போனேன். முட்டி வலியோடு அத்தனை படியும் ஏறினேன். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ரயிலிலிருந்து தம்பி இறங்கவில்லை. யாருமே இறங்கவில்லை. அக்கா எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, அவனைத் தேடி அதே ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள்.

அவன் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தான்.

"கயிறு?"

"கயிறே இல்ல."

"அப்போ அது தப்பு," என்றான். "போதும், முடிஞ்சது. கேப்டன் சொல்றேன். நாலு கயிறு, ஒரு பெட்டி."

இப்போது இழுக்கிற கயிறு கிடையாது. ஒரு பொத்தான்தான். என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். அழுத்தினேன். ஃபீனிக்ஸ் பே முழுக்க அதிர்ந்தது. எனக்குத் தெரியும், அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது, இது வேறு கப்பல். ஆனாலும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தேன். சமையல்கட்டுக் கதவு திறந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், பண்டாரிதான், கையில் கரண்டியோடு வெளியே வந்து, நேரமாகாமல் ஹாரன் அடிப்பது யார் என்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

நான்தான் என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.